பிணம் சிரித்த ஞாயிற்றுக்கிழமை

ஜனவரி 3, வெள்ளி

இந்த டைரி என் பேத்தி சுபிக்ஷா கொடுத்தது. அவள் எடுக்கும் நாடகத்தைப் போடப்போகும் சேனல்காரர்கள் புது வருசத்துக்குக் கொடுத்ததாம். "பால் கணக்கு எழுதி வீணாக்காதீங்க அம்மாயி, மனசுல இருக்கறத எழுதுங்க" என்று சொல்லிவிட்டுச் சென்னைக்குப் பஸ் ஏறிவிட்டாள். நான் அஞ்சாவது படித்தவள். அந்தக் காலத்து அஞ்சாவது என்பதால் எழுத்து முத்து முத்தாக இருக்கும்.

மனசில் இருப்பது இதுதான். என் மகள் வயிற்றுப் பேத்தி டைரக்டர் ஆகிவிட்டாள். 'பன்னிரண்டு வாசல்' என்று ஒரு தொடர். வாரம் ஒரு வீடு, ஒரு கதை, ஒரு புது டைரக்டர். பதினோராவது கதை சுபியுடையது. ரேஷன் கடையில் சொன்னேன். பிரஷர் பார்க்கும் டாக்டரிடம் சொன்னேன். "அதான் ஏறியிருக்குதுங்களா" என்றார். எதிர் வீட்டுச் சரசு மட்டும், "ஹீரோ யாருங்கக்கா?" என்று கேட்டாள். "டைரக்சன்னு போட்டு ஒரு பேர் வரும் பாரு, அதுதான் ஹீரோ" என்றேன்.

திருப்பூருக்குச் சொல்லவில்லை. அங்கே என் மகன் குழந்தைவேலு இருக்கிறான். மாப்பிள்ளை தவறிய பிறகு மகள் வசந்தாமணிக்குத் துணையாக நான் இந்த ஈரோட்டு வீட்டுக்கு வந்தது அவனுக்கு ஆகவில்லை. "மகன் இருக்கறப்ப மக வீட்டுச் சோறு திங்கறவ என்ற வாசப்படிய மிதிக்க வேண்டாம்" என்று சொன்னவன். சுபி அப்போது ஏழாவது படித்தாள். பேச்சு அவ்வளவுதான். நானும் மிதிக்கவில்லை.

ஜனவரி 7, செவ்வாய்

இன்று நான் செத்துப்போனேன்.

பவானியில் ஒரு பழைய வீட்டை வாடகைக்குப் பிடித்து சுபியின் ஷூட்டிங் நடக்கிறது. கடைசி நாள் என்று நானும் வசந்தாமணியும் எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு போனோம். போனால் ஒருவரும் வேலை செய்யவில்லை. பிணமாக நடிக்க வேண்டிய அம்மாளை அவர் மகன் வந்து கூட்டிப்போய்விட்டானாம். "எங்கம்மாவுக்கு உசுரோட மாலை போடுவீங்களா" என்று சத்தம் போட்டிருக்கிறான். கண்ணாடிப் பெட்டி வந்து நிற்கிறது. ஒப்பாரி வைக்கும் பெண்கள் டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள். சுபி படியில் உட்கார்ந்து நகத்தைக் கடிக்கிறாள்.

"நான் படுக்கறேன்" என்றேன்.

சுபி முகம் வெளுத்துவிட்டது. "வேண்டாம் அம்மாயி. வேற யாரு வேணும்னாலும் செய்யட்டும், நீங்க வேண்டாம்."

வசந்தாமணி என் கையைப் பிடித்து இழுத்தாள். "உனக்கென்னம்மா கிறுக்கா?"

"கண்ண மூடிப் படுத்துக் கெடக்க டிகிரியா வேணும்? அஞ்சாவது போதும், தள்ளு."

தாடையைச் சுற்றி வெள்ளைத் துணியால் கட்டினார்கள். நெற்றியில் காசு ஒட்டினார்கள். மூக்கில் பஞ்சு வைத்தபோது கொஞ்சம் பயந்தேன், யாரிடமும் சொல்லவில்லை. ஒப்பாரி வைத்த பெண் கெட்டிக்காரி. எனக்கே அழுகை வந்தது. பிணம் அழக்கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

முடிந்ததும் எழப்போனேன். மகேஷ் என்கிற உதவி டைரக்டர் ஓடி வந்தார். "பாட்டிம்மா, அப்படியே எந்திரிச்சுடாதீங்க. செத்தவங்களா நடிச்சவங்க கேமராவப் பாத்து ஒருவாட்டி சிரிக்கணும். அதையும் எடுத்துட்டுத்தான் எந்திரிக்கணும். சினிமாவுல ரொம்ப நாள் வழக்கம். சிரிக்காம போனா ஆகாது."

"சும்மா எப்படிச் சிரிக்கறது?"

"சந்தோசமா ஏதாச்சும் நெனச்சுக்கோங்க."

நினைத்தேன். சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. மூக்குப் பஞ்சு தெறித்து விழுந்தது. ஒப்பாரிக்காரப் பெண்களும் சேர்ந்து சிரித்தார்கள். எலுமிச்சம்பழம் சுற்றி நறுக்கிப் போட்டார்கள். என்னத்த நெனச்சீங்க என்று எல்லாரும் கேட்டார்கள். அது உங்களுக்கு எதற்கு என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்குள் விடாமல் வாசலிலேயே வைத்துத் தலைக்கு ஊற்றிவிட்டாள் வசந்தாமணி. வெந்நீர்கூட இல்லை, பச்சைத் தண்ணீர். தும்முகிறேன்.

ஜனவரி 19, ஞாயிறு

முதல் வாசல் திறந்தது. காலை பதினோரு மணி. ஒரு பெண் புருசனோடு சண்டை போடாமல், ஒரு வார்த்தை பேசாமல், துணியை மடித்து வைத்துவிட்டு பஸ் ஏறிப் போகிறாள். பஸ் திரும்பியது, முடிந்துவிட்டது. பாட்டு இல்லை, பழிவாங்கல் இல்லை. அடுத்த வாரம் தெரியும் என்று சரசுவிடம் சொன்னேன்.

ஜனவரி 22, புதன்

பேப்பரில் விமர்சனம் வந்திருக்கிறது. "தொலைக்காட்சிக்குள் ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது" என்று எழுதியிருக்கிறார்கள். கத்தரித்து இந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். போனில் விமர்சனம் செய்யும் ஒரு தாடிக்காரன், "நல்லாருக்கு, ஆனா தலகாணி எடுத்து வெச்சுக்கிட்டுப் பாருங்க" என்கிறான். அவனை ஒட்ட முடியாது.

ஜனவரி 26, ஞாயிறு

அதிர்ச்சி. பஸ் ஏறிய பெண் வரவே இல்லை. இந்த வாரம் வேறு வீடு, கடற்கரையில் வேறு சனங்கள். சுபியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அவ கதை அவ்வளவுதான் அம்மாயி. மீதிய நாமதான் நெனச்சுக்கணும்."

"நெனச்சுக்கறது நான்னா, டிவி எதுக்கு?"

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண் கையில் ஒரு பை மட்டும்தான் இருந்தது. குளிருக்கு ஒன்றுமில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

பன்னிரண்டு வாசலையும் அடைக்கப் போகிறார்கள். பேப்பர்காரர்கள் தூக்கி வைத்து எழுதுகிறார்கள், பார்க்க ஆளில்லையாம். இருக்குமா? ஞாயிறு பதினோரு மணிக்குக் கறி அடுப்பில் கொதிக்கும். அதை விட்டுவிட்டு எந்தப் பொம்பளை வந்து டிவி முன்னால் உட்காருவாள்? மூன்று வாரமும் நானே கரண்டியோடு நின்றுதான் பார்த்தேன்.

வரும் ஞாயிறு கடைசி. நாலாவது கதைக்காரர் முடிக்கவில்லையாம், அதனால் தயாராக இருந்த சுபியின் கதையைப் போடுகிறார்கள். தயாராக இல்லை, அவள்தான் தயார் என்று சொல்லியிருக்கிறாள். ஒட்டு வேலை செய்யும் எடிட்டர் கொல்கத்தாக்காரர், தமிழ் தெரியாது. அவர் அங்கே ராப்பகலாக ஒட்ட, இவள் சேனல் ஆபீசில் நின்று கெஞ்சிக்கொண்டிருக்கிறாள். "வந்தாப் போதும் அம்மாயி, நானே பாக்காட்டிப் பரவால்ல" என்றாள். இந்த ஒன்று வெளியே வராவிட்டால் இரண்டு வருச உழைப்பும் வீண். பண்ணாரி மாரியம்மனுக்குக் காசு முடிந்து வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

காலையிலிருந்து போனை எடுத்தால் எல்லாரும் முதலில் அழுகிறார்கள். சேனல்காரர்கள் விளம்பரத்துக்கு என் பிணப் படத்தைப் போட்டிருக்கிறார்கள். அதை யாரோ வாட்ஸப்பில் எடுத்து அனுப்ப, கீழே இருந்த எழுத்து அறுந்துபோய், மாலையும் மூஞ்சியும் மட்டும் ஊர் சுற்றுகிறது.

வாசலில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஆட்டோ வந்து நின்றது. கோபியிலிருந்து என் அண்ணன் மகன் மருதாசலம். ஒரு கையில் மாலை, ஒரு கையில் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை. "அத்தே" என்று கதறிக்கொண்டு உள்ளே ஓடியவன், என்னைத் தாண்டி ஓடினான். பிறகு திரும்பி வந்தான்.

"வெங்காயம் உரிக்கறீங்க?"

"பின்ன, எனக்கு நானே பந்தல் போடவா?"

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். தண்ணீர் கொடுத்தேன். விசயத்தைச் சொன்னதும் அழுகை சிரிப்பாகி, இரண்டு பேரும் தெருவே கேட்கச் சிரித்தோம். செத்தவளுக்குப் போர்த்தும் அந்தக் கோடியைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. கொண்டுவந்ததைத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது. உடுத்தவும் முடியாது. நல்ல அரக்குக் கலர். அவன் பெண்டாட்டி எடுத்ததாம், கெட்டிக்காரி. பரண்மேல் போட்டிருக்கிறேன்.

கோபியிலிருந்து வந்தான். அந்தியூரிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். சென்னிமலையிலிருந்துகூட வந்தார்கள்.

திருப்பூரிலிருந்து யாரும் வரவில்லை. பஸ் கிடைத்திருக்காது.

பிப்ரவரி 9, ஞாயிறு

 இன்று எழுத்து முத்து முத்தாக இல்லை.

இன்று கறி எடுக்க வேண்டாம் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். சரசு, அவள் மாமியார், பின் வீட்டுக்காரர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். 'எழுத்து, இயக்கம்: சுபிக்ஷா' என்று வந்தபோது எல்லாரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை, நமக்கு நாமே தட்டக்கூடாது.

ஒரு தாய் செத்துக் கிடக்கிறாள். மகள் வீட்டில். மகனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள். நான் பெட்டிக்குள் அழகாகத்தான் இருந்தேன். பிறகு கதை பின்னால் போயிற்று. என்னைவிட வயசு குறைந்த ஒரு நடிகை, பச்சைச் சேலை, கையில் டிரங்குப் பெட்டி, மகன் வீட்டு வாசலில் நின்று சொல்கிறாள்: "எறங்கறேன். நாளைக்கு என்ற பொணத்து மூஞ்சியிலகூட நீ முழிக்க வேண்டாம்."

 அது என் பச்சைச் சேலை. சரசு என்னைப் பார்த்தாள். நான் டிவியைப் பார்த்தேன்.

என்னைக் கூட்டிப்போகத் தன் அம்மாவோடு வந்த சுபி அன்று திருப்பூர் வீட்டில் கதவுக்குப் பின்னால் நின்றிருக்கிறாள் போல. ஆனால் அந்த நடிகை கத்துகிறாள். நான் கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னேன்.

மகன் வரவில்லை. மகளே கொள்ளிச் சட்டி எடுத்துக்கொண்டு போகிறாள். வாசலில் ஒரு காலி நாற்காலி, அதன்மேல் ஒரு துண்டு. திரை கறுப்பானது. முடிந்தது என்று சரசு மூக்கைச் சிந்தினாள்.

முடியவில்லை. திடீரென்று திரை முழுக்க என் மூஞ்சி. தாடைக் கட்டு, நெற்றிக் காசு. கண்ணைத் திறக்கிறேன். நேராகப் பார்க்கிறேன். சிரிக்கிறேன், பஞ்சு தெறிக்கச் சிரிக்கிறேன். அப்படியே நிறுத்தி, அதன்மேல் பேர் ஓடவிட்டார்கள்.

 சரசுவின் மாமியார் எழுந்து, என்னைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய்விட்டார்.

சுபி போனில் விம்முகிறாள். அது கதையில் இல்லவே இல்லையாம். அந்த எடிட்டருக்கு நம் ஆட்கள் வழக்கம் தெரியாது. கடைசியாக எடுத்ததென்று பார்த்தவர், அதுதான் கதையின் முடிவு என்று நினைத்து ஒட்டிவிட்டார்.

"எம் படத்தோட உசுரே அந்தக் காலி நாற்காலிதான் அம்மாயி. போச்சு, எல்லாம் போச்சு."

"நம்ம வீட்டுக் கதைன்னு எங்கிட்டச் சொல்லலயே நீ."

"சொல்லியிருந்தாப் படுத்திருப்பீங்களா? அதான் அன்னிக்கு வேண்டாம் வேண்டாம்னேன்."

போனை வைத்த பிறகு வசந்தாமணி சமையலறையிலிருந்து, "அண்ணன் பாத்திருக்கும்" என்றாள். 

பிப்ரவரி 10, திங்கள்

பார்த்திருக்கிறான். திருப்பூர் மருமகள், வசந்தாமணியைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாளாம். சிரிப்பு வந்ததும் டிவியை அணைத்துவிட்டானாம். "எங்கம்மா செத்தாலும் என்னையப் பாத்துத்தான் சிரிப்பா" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனவன், சாப்பிட இறங்கவில்லையாம்.

நீயே ஒரு வார்த்தை பேசிடும்மா என்றாள் வசந்தாமணி. அவன்தானே வாசப்படியை மிதிக்காதே என்றது என்றேன்.

இட்லிக்கு ஊறப்போட மறந்துவிட்டேன். இப்படி மறந்ததில்லை.

பிப்ரவரி 12, புதன்

பேப்பரில் என் படம். செத்த படம் இல்லை, சிரித்த படம். அரைப் பக்கம். "கைவிட்ட மகனை நோக்கி, மரணத்துக்கு அப்பாலிருந்து ஒரு தாய் சிரிக்கும் ஏளனச் சிரிப்பு. தமிழ்த் தொலைக்காட்சி கண்ட மிகத் துணிச்சலான கடைசி நொடி இதுவே. இப்படியொரு தொடரைக் கொன்றவர்கள் வெட்கப்பட வேண்டும்" என்று எழுதியிருக்கிறார்கள். தாடிக்காரன்கூடத் தலகாணி வேண்டாம் என்கிறான். "அந்தக் கெழவி சிரிச்சதுல எனக்கு மூணு நாளாத் தூக்கம் வரல." இங்கிலீஷ் பேப்பரில் என் சிரிப்பைப் பழைய காளி சிலையோடு ஒப்பிட்டிருக்கிறார்களாம், சுபி படித்துச் சொன்னாள். சினிமா எடுக்கும் ஒருவர் அவளைக் கூப்பிட்டு, வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறாராம்.

வேறு யாரையாவது புகழ்ந்திருந்தால் கத்தரித்து ஒட்டியிருப்பேன். ஏளனம் என்று போட்டிருக்கிறான் படுபாவி. திருப்பூருக்கும் இந்தப் பேப்பர்தான் போகும்.

பிப்ரவரி 13, வியாழன்

சுபியை யூடியூபில் பேட்டி எடுத்தார்கள். எப்படித் தோணுச்சு அந்தச் சிரிப்பு என்று கேட்டதும், இவள் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். "எனக்குத் தோணல. அது தப்பா ஒட்டினது. பொணமா நடிச்சவங்க சிரிக்கணும்ங்கற வழக்கத்துக்கு, சந்தோசமா எதையாச்சும் நெனச்சுக்கச் சொல்லி எடுத்தது."

நல்ல வளர்ப்பு. எனக்கு நிம்மதியாக இருந்தது, இனி ஏளனம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள் என்று. சாயந்திரமே அந்தப் பேப்பர்காரர் போனில் எழுதிவிட்டாராம்: "படைப்பாளியையும் மீறிப் படைப்பு சிரித்திருக்கிறது." சினிமாக்காரர் கேட்டாராம்: "அடுத்ததுலயும் பாட்டி சிரிப்பாங்கல்ல?"

இவர்களிடம் உண்மையைச் சொல்லியும் பிரயோசனம் இல்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

யாரும் கேட்காததை எழுதிவைக்கிறேன். நான் நினைத்தது குழந்தைவேலுவை.

அவன் சின்னவனாக இருந்தபோது பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி இறந்துபோனார். இவன் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். மறுநாள் நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு உள்ளே வந்தால், கட்டிலில் பிணம். என் ரிப்பனை எடுத்துத் தாடையில் கட்டி, நெற்றியில் புளியங்கொட்டையை எச்சில் தொட்டு ஒட்டி, விறைத்துப் படுத்திருக்கிறான். நானும் விடவில்லை. முந்தானையை வாயில் வைத்து, "என்ற ராசா, என்னைய உட்டுட்டுப் போயிட்டியே" என்று ஒப்பாரி வைத்தேன். நடுவில் பார்த்தால், நான் நிசமாகவே அழுகிறேனா என்று ஓரமாகப் பார்க்கிறான்.

"ஒத்தக் கண்ணு தொறந்திருக்குது. பொணத்துக்கு என்ன வேடிக்கை?" என்றேன்.

உடனே மூடிக்கொண்டான். நான் மறுபடி அழ ஆரம்பித்தேன். அவனால் தாங்க முடியவில்லை. எழுந்து வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அழுவாதம்மா, நான் சாகல" என்றான். புளியங்கொட்டை அப்படியே நெற்றியில் இருந்தது.

பவானி வீட்டில், தாடைக் கட்டோடு படுத்திருந்தபோது எனக்கு அந்தப் புளியங்கொட்டைதான் ஞாபகம் வந்தது. அதுதான் அவ்வளவு சிரிப்பு. இதைப் போய்க் காளி என்கிறார்கள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பதினோரு மணிக்கு டிவி போட்டேன். ஒருத்தி சேனைக்கிழங்கு வறுக்கிறாள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

வசந்தாமணி சந்தைக்குப் போயிருந்தாள். முன் அறைக் கட்டிலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். வெளியே யாரோ சரசுவிடம், "அம்மா இருக்கறாங்களா?" என்று கேட்டார்கள். வயசில் குரல் கனத்திருக்கிறது, ஆனாலும் பெற்றவளுக்குத் தெரியாமல் போகுமா?

எழுந்து போய், "வா" என்று கூப்பிட வாய் வரவில்லை. உட்கார்ந்திருந்தால் முகத்தைப் பார்க்க வேண்டும். ஒன்றும் தோன்றாமல் முறத்தைத் தள்ளிவிட்டுப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த வேலைதான் எனக்குப் பழக்கம்.

செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. உள்ளே வந்து நின்றான். நாற்காலியை இழுத்துப் போட்டான், உட்காரவில்லை. பனியன் கம்பெனித் துணி வாசனை இன்னும் அவன்மேல் இருக்கிறது.  மூச்சு வாங்குவது கேட்டது. 

கிழடு தட்டியிருக்குமா, முடி இருக்கிறதா என்று பார்க்கலாம்போல இருந்தது. கொஞ்சமாக, ஓரமாகத்தான் திறந்தேன்.

"ஒத்தக் கண்ணு தொறந்திருக்குது" என்றான். "பொணத்துக்கு என்ன வேடிக்கை?"

 சிரித்தபோது நினைத்ததை நான் யாருக்கும் சொல்லவில்லையே. சொல்ல வேண்டியதில்லை போல. முழுக்கக் கண்ணைத் திறந்தேன். தலை பாதி நரைத்திருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை, வெறும் ஆளாக நின்று அழுதுகொண்டிருந்தான்.

"அந்த யூடியூபுல சுபி சொல்லுச்சு, சந்தோசமா எதையாச்சும் நெனச்சுச் சிரிக்கச் சொன்னாங்கன்னு. தாடக் கட்டோட வேற படுத்திருந்தே. என்னையத்தான் நெனச்சியாம்மா?"

"அழுவாதே சாமி" என்றேன். "நான் சாகல."

பிறகு எழுந்து முட்டைக் குழம்பு வைத்தேன். மகள் வீட்டுச் சோறுதான், இரண்டாம் முறையும் போடச் சொல்லிச் சாப்பிட்டான். கை கழுவிவிட்டு, துண்டைத் தேடுவதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னான்.

"மாலையோட உன் படம் வாட்ஸப்புல வந்த அன்னிக்கே கெளம்பி வந்தேன். தெரு மொன வரைக்கும். பந்தல் இல்ல, பற சத்தம் இல்ல. நீயும் மருதாசலமும் சிரிக்கற சத்தம்தான் கேட்டுச்சு. அதக் கொஞ்ச நேரம் நின்னு கேட்டுட்டுத் திரும்பிட்டேன்."

ஆக, அன்று பஸ் கிடைத்திருக்கிறது.